சாகத் துணிந்தவனுக்குச் சமுத்திரமும் முழங்காலா?

நம்பிக்கை: "சாக முடிவெடுத்தவரை யாராலும் தடுக்க முடியாது."

துக்க வீட்டுத் திண்ணையில் தவறாமல் காதில் விழும் பேச்சு இது. இலங்கையின் கணக்கு வேறு சொல்கிறது. 1995இல் அங்கே லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அந்த ஆண்டில்தான், மிகக் கொடிய நஞ்சு என உலகச் சுகாதார நிறுவனம் வகைப்படுத்திய பூச்சிமருந்துகளில் மிச்சமிருந்தவற்றுக்கும் அரசு தடை போட்டது. 1998இல் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்துக்கும் தடை வந்தது. 2005க்குள் தற்கொலை விகிதம் பாதியாகிவிட்டது. 1996 முதல் 2005 வரை, அதற்கு முந்தைய பத்தாண்டைவிட ஏறக்குறைய 20,000 சாவுகள் குறைவு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விஷம் அருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. கடனும் குடியும் குடும்பச் சண்டையும் முன்போலத்தான் இருந்தன. வந்தவர்களில் முன்பைவிட அதிகம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள், அவ்வளவுதான். கோபமோ அவமானமோ தலைக்கேறிய சிறிது நேரத்தில் கைக்கு எது எட்டியது என்பதில்தான் பலருடைய உயிர் நின்றிருக்கிறது. அப்படிப் பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை.

நம்பிக்கை: "அவரவர் வீட்டில் பூச்சிமருந்தைப் பூட்டி வைத்தால் போதும்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இலங்கையின் அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், 50,000க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதி ஊர்களுக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்தார்கள். முடிவு 2017இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது: பெட்டி வாங்கிய ஊருக்கும் வாங்காத ஊருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சாவி அதே வீட்டில்தானே இருக்கிறது! கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கம், ஊருக்குப் பொதுவாக ஓர் அறை கட்டி, வங்கி லாக்கர்போல ஆளுக்கொரு பெட்டி வைத்துப் பார்த்தார்கள். பலன் தெரிந்தது. ஆனால் அது மிகச் சிறிய ஆய்வு. அதை நம்பித் தடையைத் தள்ளிப்போட முடியாது.

நம்பிக்கை: "தடை போட்டால் விளைச்சல் படுத்துவிடும்."

இலங்கை என்றதும் 2021இல் ரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியதும், நெல் விளைச்சல் சரிந்ததும் நினைவுக்கு வரும். இது அந்தக் கதை அல்ல. இங்கே நிறுத்தியது ஆளைக் கொல்லும் சில மருந்துகளை மட்டும். கடையில் மாற்று இருந்தது. 1995 தடைக்குப் பிறகு நெல் விளைச்சல் குறையவில்லை.

நம்பிக்கை: "இது மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய வேலை."

மருத்துவர் வேண்டும்தான். ஆனால் இந்தச் சாவு எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. சிறு விவசாயி வீட்டில் பாதி தீர்ந்த மருந்து பாட்டில் கூரை இறவாணத்தில் செருகியிருக்கும். பெரிய ஆஸ்பத்திரியோ பஸ் மாறிப் போகிற தூரத்தில். மனநல மருத்துவரை ஆயுளில் ஒருமுறைகூடப் பார்த்திராத அந்த வீட்டிலும், உரக்கடை அலமாரியிலிருந்து அந்தப் பாட்டில் போய்விட்டால் சாவு குறைகிறது. அந்த வீட்டாரிடம் யாரும் எதையும் எடுத்துச் சொல்லவேண்டியதுகூட இல்லை.

மனம் தாங்காத வேளையில் பேச: தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416, இலங்கையில் 1926.