பின்வரிசை ஏன் மங்கியது?

சென்ற ஆண்டு பள்ளி விழாவன்று, விடுதியில் நமக்குச் சமைத்துப் போடும் அம்மாமார் ஆறு பேரையும் சமையற்கூட முற்றத்தில் நிழற்படம் எடுத்தோம். மூவர் பெஞ்சில் அமர, மூவர் பின்னே நின்றனர். அவர்களுக்கு அப்பாலுள்ள கரிபடிந்த சுவரும் அண்டாக்களும் மங்கித் தெரிந்தால் அழகென்று எண்ணி, லென்ஸின் துவாரத்தை முழுதும் திறந்துவிட்டோம். கருவியின் சிறு திரையில் படம் நன்றாகவே இருந்தது. பெரிதாக அச்சிட்டு வந்தபின்தான் திடுக்கிட்டோம். முன்வரிசையில் புடவைக் கரைகூடத் துல்லியம். பின்வரிசையில் மூவரின் முகமும் கலங்கியிருந்தன.

லென்ஸ் ஒரே தூரத்திலுள்ள பொருளைத்தான் மிகக் கூர்மையாகக் குவிக்கும். அதற்கு முன்னும் பின்னுமுள்ள ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாக விழும். வட்டம் மிகச் சிறிதாயின் நம் கண் அதைப் புள்ளியென்றே ஏற்கிறது; பெரிதாயின் மங்கல் என்கிறோம். படத்தைப் பெரிதாக்கினால் வட்டமும் பெரிதாகும். சிறு திரை நம்மை ஏமாற்றியது இப்படித்தான். துவாரத்தைக் குறுக்கினால் வட்டங்கள் சுருங்கும். மூக்குக்கண்ணாடியை மறந்து வந்த தோழி கண்ணை இடுக்கிக் கரும்பலகையைப் பார்க்கிறாளே, அவள் செய்வதும் இதுவே!

குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். எனவே எண் சிறிதானால் துவாரம் பெரிது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் விட்டம் 25 மி.மீ. 35 மி.மீ. பிலிம் அளவுள்ள கருவியில், 3 மீட்டரில் குவித்தால், எஃப் 2-இல் ஏறத்தாழ 2.8 முதல் 3.2 மீட்டர் வரையே தெளிவு. பின்வரிசை அதற்கு அப்பால் நின்றது. எஃப் 8-இல் தெளிவு 2.3 முதல் 4.2 மீட்டர் வரை விரியும். ஆனால் வெளிச்சம் 16-இல் ஒரு பங்காகிவிடும். 1/1000 வினாடியில் எடுத்ததை 1/60 வினாடியில் எடுக்க வேண்டும். அதற்குள் யாரும் சிரித்து அசையக்கூடாது!

கைப்பேசியின் படத்தளம் மிகச் சிறியது. இயல்பாகவே பெரும்பாலானவை தெளிவாக விழும். அதில் காணும் ஆழ்ந்த மங்கல் பெரும்பாலும் கணக்கிட்டுச் சேர்த்தது. தலைமயிரின் ஓரத்தைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

மங்கலை வெறுக்க வேண்டியதில்லை. 1815-இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார், 48-ஆம் வயதில் பரிசாகப் பெற்ற கருவியால் முகங்களை நெருங்கி எடுத்தார். குவியம் சரியில்லை என்று பலர் பழித்தனர். முழுக் கூர்மைக்குக் காத்திராமல், தம் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார் அவர். 1879-இல் இலங்கையில் மறைந்தார். அவர் மங்கலைத் தெரிந்தே ஏற்றார். நாம் பாராமல் விட்டோம்.

ஜூன் மாதம் மீண்டும் எஃப் 8-இல் எடுத்தோம். அண்டாக்களும் தெளிவாக வந்துள்ளன. படத்தில் ஐவரே இருக்கின்றனர். பின்வரிசையில் நின்ற ஓர் அம்மா மே மாதத்தோடு ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார்.