கைக்கேற்ற சுட்டி

சென்ற கல்வியாண்டில் ஒரு மாணவியைப் பற்றி என் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினேன்: "கணினிப் பழக்கம் இல்லை; வேகம் குறைவு." ஏழாம் வகுப்பு மாணவி. வகுப்பில் கேள்வி கேட்டால் முதலில் கை தூக்குபவள். ஆனால் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் நடந்த கணினிவழித் தேர்வில் 25 வினாக்களில் 14க்கு மட்டுமே விடை பதிந்திருந்தாள். அந்த 14இல் 13 சரி. மற்றவற்றுக்கு நேரம் போதவில்லை. இதைப் பார்த்த பிறகும் அந்த வரியை அடிக்க எனக்குத் தோன்றவில்லை.

அதை அடிக்க வைத்தது எங்கள் வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், கணினி விளையாட்டுக்கென்று தனியாக ஒரு சுட்டி வேண்டும் என்று கேட்டான் என் மகன்.

"இருக்கிற மௌஸுக்கு என்னடா குறை?"

"அது என் கைக்குச் சேரலம்மா. செருப்பு வாங்கினா மட்டும் போட்டு நடந்து பாத்துத்தானே வாங்குறீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. எமிஸ் பதிவேற்ற வேலை உள்ள நாள்களில் இரவில் என் வலது மணிக்கட்டு வலிக்கும். வயதாகிவிட்டது என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் அதே சுட்டிதான்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் கடந்து தில்லைநகர்க் கடை ஒன்றுக்குப் போனோம். பெட்டியில் அச்சிட்டிருந்த விவரங்களை அவன் படிக்கவே இல்லை. வெளியே வைத்திருந்த சுட்டிகளில் ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தான், லேசாகத் தூக்கினான், பக்கவாட்டில் நகர்த்தினான். கடைக்காரர் பொறுமைசாலி.

திரும்பும் வழியில்தான் விளக்கினான். சுட்டியைப் பிடிப்பதில் பொதுவாக மூன்று வகை உண்டாம். உள்ளங்கை முழுவதும் சுட்டியின் முதுகில் படிய, விரல்கள் நீண்டு கிடப்பது முதல் வகை. இதற்கு நீளமான, முதுகு உயர்ந்த சுட்டி வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் சுட்டியைத் தொட, விரல்கள் வளைந்து நுனியால் அழுத்துவது இரண்டாவது. கோழி மண்ணைக் கிளறும்போது அதன் காலைப் பாருங்கள், அதே வளைவுதான். இதற்குச் சற்றுக் குட்டையான சுட்டி பொருந்தும். உள்ளங்கை படாமல் விரல்நுனிகளால் மட்டும் பிடித்து நகர்த்துவது மூன்றாவது. இதற்குச் சிறிய, எடை குறைந்த சுட்டி வேண்டும். கனமானதை விரல்நுனியில் நகர்த்தினால் விரைவில் அலுத்துவிடும். யாரும் ஒரே பிடியிலேயே இருப்பதில்லை, கலந்துதான் பிடிப்போம். ஆனாலும் எது நம் இயல்பான பிடி என்று தெரிந்துகொள்வது நல்லது.

அளவுக்கு ஒரு தோராயக் கணக்கும் இருக்கிறது. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளக்க வேண்டும். அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு சுட்டியின் நீளம். என் கை 17.5 செ.மீ.; அப்படியானால் 10.5 செ.மீ. நான் இத்தனை ஆண்டுகள் பிடித்திருந்தது 12 செ.மீ. இது விதியல்ல, தொடங்குவதற்கு ஓர் இடம் மட்டுமே. நீண்ட விரல்களை நுனியால் பிடிப்பவருக்கு இன்னும் சிறியதுகூடப் போதும்.

பெட்டிமேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் டிபிஐ எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். சுட்டியை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் எத்தனை புள்ளி நகரும் என்பதே அது. 1920 புள்ளி அகலமுள்ள திரையை 800 டிபிஐ சுட்டியால் 6 செ.மீ. நகர்த்தலில் கடந்துவிடலாம். நம் வேலைக்கு அது தாராளம். 16,000 என்று போட்டிருப்பதற்குக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை.

அன்று இரவு மகனின் அளவுநாடாவை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் பள்ளி உறையூரில். ஏழாம் வகுப்புக் கணக்கில் விழுக்காடு நடந்துகொண்டிருந்த நேரம். கையை அளந்து 60 விழுக்காடு காணச் சொன்னேன். பெரும்பாலான கைகள் 15 செ.மீ.க்கும் 16.5 செ.மீ.க்கும் இடையில் இருந்தன. அதாவது 9 முதல் 10 செ.மீ. வரையுள்ள சுட்டி போதும். எங்கள் ஆய்வகச் சுட்டிகளோ 11.5 செ.மீ. பெரியவர் கைக்கான பொருளைப் பன்னிரண்டு வயதுக் கையில் கொடுத்துவிட்டு வேகம் குறைவு என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்து ஓவியப் பாடவேளையைக் கேட்டு வாங்கி, ஆளுக்கு ஓர் உருண்டை களிமண் கொடுத்தேன். கண்ணை மூடி, சுட்டி பிடிப்பதுபோல் அதில் கை வைத்து அழுத்த வேண்டும். டக்ளஸ் எங்கல்பர்ட்டின் குழுவில் 1964இல் உருவான முதல் சுட்டியும் ஒரு மரக்கட்டைதான், அடியில் இரண்டு சக்கரங்கள் என்று சொன்னேன். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அவர் அதைப் பலர் முன் இயக்கிக் காட்டியதையும் சொன்னேன். களிமண் காய்ந்ததும் மூன்று பிடிகளும் மேசைமேல் வரிசையாகத் தெரிந்தன.

என் குறிப்பேட்டு மாணவியின் உருண்டையில் மட்டும் கட்டைவிரல் தடம் வலப்பக்கம் இருந்தது. இடக்கையால் அழுத்தியிருக்கிறாள். அவள் இடக்கையால் எழுதுபவள் என்பது எனக்கு முன்பே தெரியும். ஆய்வகத்தில் வலக்கையால் சுட்டி பிடிப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

"மௌஸ் வலப்பக்கம்தானே டீச்சர் இருக்கணும்?" என்றாள்.

முதல் ஆய்வக வகுப்பில், "எல்லோரும் வலக்கையைச் சுட்டிமேல் வையுங்கள்" என்று சொன்னவள் நான்தான்.

செய்த மாற்றங்கள் சிறியவை. கம்பி இடப்பக்கம் வருமாறு அவள் சுட்டியை மாற்றினோம். வலக்கைக்கென்றே வளைத்துச் செய்த சுட்டிகள் இடக்கைக்கு ஆகாது. இருபுறமும் ஒரே வடிவில் இருப்பதுதான் வேண்டும். விண்டோஸின் சுட்டி அமைப்பில் முதன்மைப் பொத்தானை வலப்புறத்துக்கு மாற்றலாம். அடுத்த வகுப்புக்கு மறக்காமல் பழையபடி வைக்க வேண்டும். சுட்டிக்காட்டியின் வேகத்தையும் அங்கேயே கூட்டிக் குறைக்கலாம். நான் எதிர்பாராத சிக்கல் என் பேச்சில் வந்தது. "இடது பொத்தானை அழுத்துங்கள்" என்றால் அவளுக்குத் தவறான பட்டி திறந்துகொள்ளும். இப்போது, "ஆள்காட்டி விரலை அழுத்துங்கள்" என்கிறேன். எல்லோருக்கும் பொருந்துகிறது.

கால் தரையில் எட்டாத பிள்ளைகளுக்குக் காலடியில் ஒரு பலகை வைத்தோம். முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில், மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்க வேண்டும். நாற்காலி சரியில்லாவிட்டால் எந்தச் சுட்டியாலும் பயனில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான்கு சிறிய சுட்டிகள் வாங்கலாமா என்று கேட்டேன். விளையாட்டுச் சாமானுக்கா செலவு என்று ஒரு குரல். நெசவுத் தொழிலில் இருந்த ஒரு மாணவனின் தாத்தா எழுந்தார். "தறியில நாடா ஓட்டுற கயித்த அவனவன் கைக்கு ஏத்த மாதிரிதாம்மா கட்டிக்குவோம். அடுத்தவன் தறியில உக்காந்தா அரை நாள் வேலை ஓடாது." அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

மாணவிக்குப் பழக மூன்று வாரம் ஆயிற்று. முதல் வாரம் முன்பைவிட மெதுவாகவே செய்தாள். வலக்கைக்கே திரும்பிவிடுகிறேன் என்றும் ஒருநாள் சொன்னாள். அடுத்த தேர்வில் 23 வினாக்களுக்கு விடை பதிந்திருந்தது. அவளுக்குப் பக்கத்தில் அமரும் மாணவனுக்குச் சிறிய சுட்டி கொடுத்தும் மாற்றமில்லை. அவனுடைய சிக்கல் கண்ணில் என்று பிறகு தெரிந்து, கண் பரிசோதனைக்கு அனுப்பினோம்.

என் மணிக்கட்டுக்கும் மகனே ஒரு சிறிய சுட்டி தேடித் தந்தான். வலி பெரிதும் குறைந்தது. விரல் மரத்துப்போதலோ இரவில் எழுப்பும் வலியோ இருந்தால் சுட்டியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டில் இப்போது ஒரு புதிய வரி இருக்கிறது: "சுட்டி, சிறியது, இரு கைக்கும் ஏற்றது – 4." என் குறிப்பேட்டின் பழைய வரியையும் அன்றுதான் அடித்தேன்.