கருவுற்ற காலத்தில் இரத்த உறைவுத் தடுப்பு: மாத்திரையா, ஊசியா?

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்களுள் ஒன்று ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். 1983ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் இதனை விளக்கி எழுதினார். லூபஸ் உள்ளவர்களுக்கும், வேறு நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும் இது வரக்கூடும். கால் நரம்பிலோ நுரையீரலிலோ மூளையிலோ இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும்; கருவுற்றோர்க்குக் கரு மீண்டும் மீண்டும் கலையலாம். குறைந்தது 12 வார இடைவெளியில் இருமுறை இரத்தப் பரிசோதனை செய்தே நோய் உறுதிசெய்யப்படுகிறது.

முன்பு இரத்த உறைவு ஏற்பட்ட பெண்கள் பெரும்பாலும் வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் மாத்திரையை உட்கொண்டு வருவர். இம்மாத்திரைகள் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைச் சென்றடையும். குறிப்பாக 6 முதல் 12 வாரங்களுக்குள் மூக்கு, எலும்பு ஆகியவற்றின் வளர்ச்சியைக் கெடுக்கும். ஹெப்பாரின் மூலக்கூறு பெரியது. நஞ்சுக்கொடியை அது கடப்பதில்லை. ஊசியைத் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுவே.

இங்கு நாட்கணக்கைக் கவனிக்க வேண்டும். கர்ப்பத்தின் வாரங்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. ஆகவே, மாதவிடாய் ஒரு வாரம் தள்ளிப்போன அன்றே ஏறத்தாழ ஐந்து வாரம் முடிந்திருக்கும். மருந்தை மாற்றுவதற்கு எஞ்சியிருப்பது ஒரு வாரமே. 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று இருந்துவிடக் கூடாது. குழந்தை வேண்டும் என எண்ணும்போதே மருத்துவரிடம் கூறிவிடுவது நன்று. அச்சத்தால் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. கர்ப்பகாலத்தில் இரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டோர்க்குக் கணக்கு வேறு. அவர்கள் இதய மருத்துவரையும் கலந்தே முடிவெடுக்க வேண்டும்.

ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் கர்ப்பகாலத்தில் தரப்படுவதில்லை.

ஊசியுடன் 75 முதல் 100 மில்லிகிராம் ஆஸ்பிரினும் தரப்படும். மீண்டும் மீண்டும் கரு கலைந்த 90 பெண்களிடம் லண்டனில் நடந்து 1997இல் வெளியான ஆய்வில், ஆஸ்பிரின் மட்டும் பெற்றோரில் 42 விழுக்காட்டினரும், ஹெப்பாரினும் சேர்த்துப் பெற்றோரில் 71 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். கரு கலைந்த வரலாறு மட்டும் உள்ளவர்களுக்குக் குறைந்த அளவும், முன்பே உறைவு வந்தவர்களுக்கு உடல் எடைக்கேற்ற முழு அளவும் தரப்படும். ஆதலால் ஒருவரது அளவை மற்றொருவர் பின்பற்றலாகாது.

வயிற்றில் குத்தினால் குழந்தைக்குப் படுமோ என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுவது இயல்பே. ஊசி தோலுக்கடியிலுள்ள கொழுப்பில்தான் நிற்கும், கருப்பையை எட்டாது. குத்திய இடத்தைத் தேய்த்தால் நீலம் பாரிக்கும்; தேய்க்க வேண்டாம்.

பிரசவ வலி தொடங்கினால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்கு வந்து, கடைசி ஊசி போட்ட நேரத்தைச் சொல்லுங்கள். முதுகில் மயக்க ஊசி செலுத்த, குறைந்த அளவெனில் 12 மணி நேரமும் முழு அளவெனில் 24 மணி நேரமும் கடந்திருக்க வேண்டும்.

பிரசவத்திற்குப் பின்னரும் ஆறு வாரங்கள் உறைவு அபாயம் நீடிப்பதால் சிகிச்சை தொடரும். நெடுநாள் சிகிச்சை தேவைப்படுவோர் வார்ஃபரினுக்குத் திரும்பலாம், ஐ.என்.ஆர். உரிய அளவை அடையும் வரை ஊசியும் வேண்டும். ஹெப்பாரின், வார்ஃபரின் இரண்டையும் பெற்றுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம்.