மாற்றுத்திறன் மாணவரின் வாசிப்பு வளர்ச்சியை அளப்பது எப்படி?

காலாண்டில் 12 மதிப்பெண், அரையாண்டில் 14. இடைப்பட்ட மாதங்களில் அந்த மாணவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதிலிருந்து சொல் சொல்லாகப் படிக்க முன்னேறியிருக்கலாம். தேர்வுத்தாளில் அது தெரியாது. மாற்றுத்திறன் மாணவர் ஒவ்வொருவரின் கற்றல் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. அதற்கு எளிய கருவி, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோவும் குழுவினரும் உருவாக்கிய ஒரு நிமிட வாசிப்பு அளவீடு.

1. தொடக்க நிலையைக் கண்டறியுங்கள். மாணவர் முன்பு படித்திராத, ஒரே அளவு கடினமான மூன்று பத்திகளைக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் வாசிக்கட்டும். சரியாக வாசித்த சொற்கள் 18, 25, 22 என்றால், நடு எண்ணான 22-தான் தொடக்கம்.

2. எண்ணும் விதியை மாற்றாதீர்கள். ஒரு சொல்லில் 3 விநாடி தயங்கினால் நீங்களே சொல்லிக்கொடுங்கள். அது பிழைக் கணக்கு. அதற்குள் தானே திருத்திக்கொண்டால் சரி. வட்டார உச்சரிப்பு பிழையல்ல.

3. இலக்கு வையுங்கள். வாரம் ஒரு சொல் கூடினால் பத்து வாரத்தில் 32. வரைபடத் தாளில் 22-லிருந்து 32 வரை கோடு போடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கான அளவுகளை இங்கே கொண்டுவர வேண்டாம்.

4. வாரம் ஒருமுறை, புதிய பத்தியில் அளந்து புள்ளி வையுங்கள். பெரிய எழுத்தோ பிரெய்லோ தந்தால் ஒவ்வொரு முறையும் அதையே தாருங்கள். பேச்சுக் குறைபாடோ செவித்திறன் குறைபாடோ உள்ளவருக்கு வாய்விட்டு வாசிக்கும் அளவீடு அநீதியாகும். இடையிடையே மூன்று சொற்கள் கொடுத்து, பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கச் செய்யும் பத்தியைப் பயன்படுத்துங்கள்.

5. கோட்டைப் பார்த்து முடிவெடுங்கள். கடைசி நான்கு புள்ளிகளும் கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்றுங்கள்: நேரத்தைக் கூட்டலாம், குழுவைச் சிறிதாக்கலாம், எழுத்தொலிப் பயிற்சிக்குத் திரும்பலாம். மாற்றிய நாளில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் பலன் கண்ணுக்குத் தெரியும். நான்கும் மேலே இருந்தால் இலக்கை உயர்த்துங்கள்.

6. வரைபடத்தைப் பெற்றோரிடமும் சிறப்பாசிரியரிடமும் காட்டுங்கள். மாணவரே புள்ளி வைக்கட்டும். ஆண்டு முடிவில் அடுத்த வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். புள்ளிகள் ஏறவில்லை என்றால் நம் கற்பித்தல் இன்னும் அந்தக் குழந்தையைச் சென்றடையவில்லை என்றே பொருள். ‘இவனுக்கு வராது’ என்று முடிவுகட்ட அந்த வரைபடம் யாருக்கும் உரிமை தருவதில்லை.