டேப்லெட்டில் நகலெடுத்தலும் ஒட்டுதலும்

அன்புள்ள தம்பிக்கு,

டேப்லெட்டில் ஓர் இடத்தில் இருக்கும் எழுத்தையோ படத்தையோ இணைய முகவரியையோ மறுபடி தட்டச்சு செய்யாமல் இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக நான்கு படிகள் உண்டு. வேண்டியதைத் தேர்ந்தெடுப்பது முதல் படி, அதை நகலெடுப்பது அடுத்தது, சேரவேண்டிய இடத்தில் விரலை வைப்பது மூன்றாவது, ஒட்டுவது கடைசி. பேச்சில் எல்லோரும் காப்பி, பேஸ்ட் என்கிறார்கள். ஆண்ட்ராய்டின் தமிழ் இடைமுகத்தில் 'நகலெடு', 'ஒட்டு' என்ற சொற்கள் வருகின்றன. நடுவிலுள்ள படிகள் ஓரிரு தட்டலில் முடிந்துவிடும். பிழை பெரும்பாலும் நேர்வது முதல் படியிலும் கடைசிப் படியிலும்தான்.

தேர்ந்தெடுப்பது விரலுக்கு எளிய வேலை அல்ல. கணினிச் சுட்டியின் அம்பு ஒரு புள்ளியைத் தொடும். விரல் நுனியோ நாலைந்து எழுத்துகளை மறைத்துக்கொண்டு இறங்கும். எந்த எழுத்தில் வைத்தோம் என்று பார்க்கக்கூட முடியாது. அதனால் தொடுதிரையில் முதலில் ஒரு முழுச் சொல்லைப் பிடித்து, பிறகு எல்லையை நகர்த்தும் வழக்கம் வந்தது. ஒரு சொல்லின் மேல் விரலைச் சற்று அழுத்தி வைத்திருந்தால் அந்தச் சொல்லின் பின்னணி நிறம் மாறும். இரு முனைகளிலும் இரண்டு பிடிகள் தோன்றும். முன்பிடியை இழுத்தால் தொடக்கமும் பின்பிடியை இழுத்தால் முடிவும் மாறும். குறிப்பேடு போன்ற எழுதும் செயலிகளில், ஐபேடில் இருமுறை தட்டினால் ஒரு சொல்லும் மும்முறை தட்டினால் முழுப் பத்தியும் தேர்வாகும். பிடியை இழுக்கும்போது விரலைப் பிடியின் மேலேயே வைத்து அவசரமில்லாமல் நகர்த்த வேண்டும். பிடியை விட்டு விலகிய இடத்தில் விரல் பட்டால் தேர்வே கலைந்து, எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

நீளமான பகுதியென்றால் பின்பிடியைத் திரையின் அடி விளிம்புவரை இழுத்து அங்கேயே நிறுத்தினால் பக்கம் தானாக மேலேறும். தேர்வும் கூடவே நீளும். இது பல பக்கங்களுக்குப் போனால் கை வலிக்கும். எங்கே நின்றோம் என்பதும் மறந்துபோகும். அப்படிப்பட்ட இடத்தில் 'அனைத்தையும் தேர்ந்தெடு' என்று கொடுத்து மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு, ஒட்டிய பிறகு வேண்டாததை நீக்குவது நல்லது. நுணுக்கமான இடங்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஐபேடின் திரை விசைப்பலகையில் இரண்டு விரல்களை வைத்து நகர்த்தினால் எழுத்துகள் மங்கி, விசைப்பலகையே ஒரு தொடுபலகையாகிவிடும். இடங்காட்டி ஒவ்வோர் எழுத்தாக நகரும். ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு விசைப்பலகையின் இடைவெளிப் பட்டையில் விரலை இடமும் வலமுமாக இழுத்தாலும் இதே பயன் கிடைக்கும். தேர்வின் எல்லையில் ஒரு காற்புள்ளி விட்டுப்போவதும் அடுத்த வாக்கியத்தின் ஒரு சொல் ஒட்டிக்கொள்வதும் இந்த வழிகளில் வெகுவாகக் குறையும்.

இந்த வேலைமுறை டேப்லெட்டுக்கு வெகு காலம் முந்தியது. 1970களின் நடுவில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவிலிருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்சி என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார்கள். அது ஜின் என்ற பாடநூல் பதிப்பகத்தின் ஆசிரியர் குழுவுக்காகச் செய்யப்பட்டது. கையெழுத்துப்படியைக் கத்தரித்து, வேறு தாளில் பசை தடவி ஒட்டிப் பழகிய அவர்களுக்குத் திரையிலும் அதே முறை கைக்கு வந்தது. தொடுதிரைக்கு அது வந்துசேர நாளாயிற்று. 2007இல் வெளிவந்த முதல் ஐபோனில் நகலெடுக்கும் வசதியே கிடையாது. 2009 ஜூனில்தான் மென்பொருள் புதுப்பிப்பு ஒன்றோடு வந்தது. பிடிகளை எப்படி அமைப்பது, எதை விரல் மறைக்கும் என்பதெல்லாம் அதற்குள் தீர்க்க வேண்டிய கேள்விகளாக இருந்தன. 2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்தபோது இந்த ஏற்பாடு தயாராக இருந்தது.

தேர்ந்தெடுத்ததும் வரும் பட்டியலில் 'நகலெடு' என்பதைத் தட்டியதும் பெரும்பாலான திரைகளில் எதுவும் நடந்ததாகவே தெரியாது. எடுத்தது கிளிப்போர்டு என்ற தற்காலிக நினைவிடத்துக்குப் போயிருக்கும். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், என்ன நகலானது என்று திரையின் மூலையில் ஒரு சிறு முன்னோட்டம் தோன்றுகிறது. அதை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்ல பழக்கம். கிளிப்போர்டு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வைத்திருக்கும். அடுத்ததை நகலெடுத்த கணமே முந்தையது போய்விடும். இடையில் ஒரு கைபேசி எண்ணை நகலெடுத்ததால் அரைமணி நேரம் தேடிப் பிடித்த பத்தி மறைந்துபோவது இப்படித்தான். ஜிபோர்டில் கிளிப்போர்டு வசதியை இயக்கி வைத்தால் சமீபத்தில் நகலெடுத்தவை வரிசையாக நிற்கும். அவையும் ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடும். பின் குத்தி வைத்தவை மட்டும் தங்கும். 'வெட்டு' என்ற கட்டளைக்கு இன்னும் கவனம் தேவை. மூலத்திலிருந்து பகுதி நீங்கிவிடுவதால், ஒட்டுவதற்குள் வேறொன்றை நகலெடுத்தால் எழுதியது இரண்டு இடத்திலும் இல்லாமல் போகும். தன் கட்டுரைக்குள்ளேயே பத்தியை இடம் மாற்றும்போதுகூட முதலில் நகலெடுத்து ஒட்டி, பிறகு பழையதை நீக்குவதே பாதுகாப்பு.

ஒட்டும்போது வியப்பு தருவது இன்னொன்று. இணையப் பக்கத்திலிருந்து எடுத்த பத்தி சில இடங்களில் வெறும் எழுத்தாக விழும். சில இடங்களில் தன் பழைய நிறம், அளவு, தடிமன், இணைப்புகள் எல்லாவற்றோடும் வந்து இறங்கும். காரணம், நகலெடுக்கும் செயலி ஒரே பகுதியைப் பல வடிவங்களில் கிளிப்போர்டில் வைக்கிறது: வெறும் எழுத்தாக ஒன்று, அலங்காரங்களோடு ஒன்று, சில வேளை படமாகவும் ஒன்று. எதை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்வது பெற்றுக்கொள்ளும் செயலி. வெள்ளை எழுத்தில் கரும்பின்னணிப் பக்கம் ஒன்றிலிருந்து எடுத்ததை வெள்ளைத் தாளில் ஒட்டினால் எதுவுமே தெரியாமல் போவதுண்டு. எழுத்து அங்கேதான் இருக்கிறது, வெள்ளையில் வெள்ளையாக. ஆண்ட்ராய்டில் அழுத்திப் பிடிக்கும்போது வரும் பட்டியலில் 'எளிய உரையாக ஒட்டு' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். ஐபேடின் குறிப்புகள், மின்னஞ்சல் செயலிகளில், சுற்றியுள்ள எழுத்தின் பாணிக்கு ஏற்ப ஒட்டும் தேர்வு கிடைக்கும். பள்ளிக் கட்டுரை எழுதுகிறவர் எப்போதும் இவற்றையே பயன்படுத்துவது நல்லது. ஐந்து இடங்களிலிருந்து எடுத்த வரிகள் ஐந்து நிறத்திலும் அளவிலும் நிற்கும் பக்கத்தைப் பின்னர் சீராக்குவது, எழுதுவதைவிடக் கடினம். தவறாக ஒட்டிவிட்டால் ஐபேடில் மூன்று விரல்களால் இடப்பக்கம் தள்ளினால் அந்தச் செயல் ரத்தாகும். மூன்று விரல்களைக் குவித்தால் நகலெடுக்கும்; விரித்தால் ஒட்டும். 2019இல் வந்த இந்தச் சைகைகள் கைப்பழக்கமாகிவிட்டால் பட்டியலைத் தேடவே வேண்டியதில்லை.

தமிழில் நகலெடுப்பவருக்குத் தனியாகச் சில இடர்கள் உண்டு. அவற்றின் காரணம் தெரியாதவர்கள் டேப்லெட் பழுதென்று நினைத்துவிடுகிறார்கள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இருக்கும் ஆவணத்தில் தமிழாகத் தெரியும். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டியதும் அந்த ஐந்து குறிகள் மட்டும் எஞ்சும். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் 1990களிலும் 2000களிலும் தயாரான ஏராளமான பிடிஎஃப் கோப்புகள் இந்த வகை. இவற்றை மறுபடி தட்டச்சு செய்யவேண்டியதில்லை. இன்ன எழுத்துரு என்று தெரிந்தால், யூனிகோடாக மாற்றித் தரும் இலவச எழுத்துரு மாற்றிகளில் ஒட்டி மீட்டுவிடலாம்.

யூனிகோடு எழுத்துருவில் அமைந்த பிடிஎஃப் கோப்பும் ஏமாற்றக்கூடும். யூனிகோடில் 'பொ' என்ற எழுத்துக்குள் முதலில் பகரமும் பிறகு உயிர்க்குறியும் வரும். தாளில் வரையும்போதோ ஒற்றைக்கொம்பு முதலில், பகரம் நடுவில், கால் கடைசியில். பல பிடிஎஃப் கோப்புகள் வரைந்த வரிசையையே சேமித்துவைக்கின்றன. அதனால் 'பொருள்' என்பதை நகலெடுத்தால் 'ெபாருள்' என்று விழுகிறது. கொம்பு வரும் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்; ஒட்டிய பத்தியில் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களை மட்டும் முதலில் பார்த்தால் கோளாறு உடனே கண்ணில் படும். 'கௌ' என்பதன் பின்குறியும் ளகரமும் ஒரே வடிவம் என்பதால், கெகரத்துக்குப் பக்கத்தில் ளகரத்தை வைத்துத் தட்டச்சு செய்த ஆவணங்களும் புழங்குகின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடும்போது கிடைக்காது. பிடிஎஃப்பிலிருந்து எடுத்த பத்தி ஒவ்வோர் அச்சு வரியின் முடிவிலும் உடைந்து நிற்பதும் வழக்கம். உரைநடையில் அந்த உடைப்புகளை நீக்கிச் சேர்க்க வேண்டும். செய்யுளில் எந்த உடைப்பு மூலத்தின் அடி, எது தாளின் அகலத்தால் வந்தது என்று பார்த்தே சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் பழைய பாடல்களை இணையத்தில் ஏற்றுவதால் அடி சிதைந்த பிரதிகள் பெருகிக்கொண்டே போகின்றன, இது வருந்தத்தக்கது.

ஒளிப்படமாக எடுத்த பக்கத்தில் எழுத்தே இல்லை, கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகள்தான். தமிழ்ப் பக்கத்தில் விரலை எவ்வளவு அழுத்தினாலும் பெரும்பாலும் பிடிகள் வராது. அங்கே படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள் வேண்டும். கூகுள் லென்ஸ் தமிழ் எழுத்தையும் படித்துத் தரும். பழைய அச்சிலும் மங்கிய தாளிலும் அது தவறாகப் படிக்கும் இடங்கள் இருப்பதால் மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடாமல் பயன்படுத்தக் கூடாது.

படத்தை நகலெடுக்க அதன் மேல் அழுத்திப் பிடித்தால் போதும். இணைப்பின் மேல் அழுத்திப் பிடித்தால் அதன் முகவரியை நகலெடுக்கும் தேர்வு வரும். திரை அகலமாக இருப்பதால் டேப்லெட்டுக்கென்றே நன்கு பொருந்தும் வழி ஒன்றும் உண்டு: இரண்டு செயலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, தேர்ந்தெடுத்த பகுதியை அழுத்திப் பிடித்து மற்றதற்குள் இழுத்துவிடுவது. ஆண்ட்ராய்டில் 2016 முதலும் ஐபேடில் 2017 முதலும் இது இயங்குகிறது. இழுப்பதால் கிளிப்போர்டில் இருப்பது கலையாது. ஒரே ஆப்பிள் கணக்கில் உள்ள ஐபேடுக்கும் மேக் கணினிக்கும் இடையே, இரண்டும் அருகில் இருந்து புளூடூத்தும் வைஃபையும் இயங்கினால், ஒன்றில் நகலெடுத்ததை மற்றதில் ஒட்டலாம்.

கிளிப்போர்டு எல்லாச் செயலிகளுக்கும் பொதுவானது. வசதி அதனால்தான், ஆபத்தும் அதனால்தான். 2020இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14இன் சோதனைப் பதிப்பு, எந்தச் செயலி கிளிப்போர்டைப் படித்தாலும் திரையில் அறிவிக்கத் தொடங்கியது. பிரபலமான பல செயலிகள் யாரும் ஒட்டச் சொல்லாமலே அதைப் படித்துவந்தது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. இப்போது ஐபேடில் பிற செயலியிலிருந்து எடுத்ததைப் படிக்கச் செயலி அனுமதி கேட்கிறது. ஆண்ட்ராய்டு 10 முதல், பின்னணியில் இயங்கும் செயலிகளுக்கு அது மூடப்பட்டிருக்கிறது. திரையில் இருக்கும் செயலிக்கும் விசைப்பலகைக்கும் மட்டும் திறந்திருக்கும். ஆகவே அறிமுகமில்லாத விசைப்பலகைச் செயலியை நிறுவிப் பயன்படுத்துவது, அப்போது கிளிப்போர்டில் இருப்பதையும் இனி நகலெடுக்கப்போகும் கடவுச்சொற்களையும் சேர்த்து ஆபத்துக்குள்ளாக்கும். கடவுச்சொல்லை நகலெடுக்க நேர்ந்தால், வேலை முடிந்ததும் ஏதேனும் ஒரு சாதாரணச் சொல்லை நகலெடுத்தால் போதும், பழையது நீங்கும். விசைப்பலகை தனியே சேமித்த வரிசை இருந்தால் அங்கும் அழிக்க வேண்டும். பணம் அனுப்பும் படிவங்களில் கணக்கு எண்ணை இரண்டாம் முறை கேட்கும் பெட்டியில் ஒட்ட முடியாதபடி பல இடங்களில் தடுத்திருப்பார்கள். ஒரே தவறு இரண்டு பெட்டியிலும் விழக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

பிறர் எழுதியதை எடுக்கும்போது மூலத்தையும் அதே நேரத்தில் எடுத்துவிட வேண்டும். வரியை ஒட்டிய கையோடு முகவரிப் பட்டைக்குப் போய் இணைப்பையும் நகலெடுத்து அதன் கீழே ஒட்டி, பார்த்த தேதியையும் எழுதினால் பிறகு தேடி அலையவேண்டியதில்லை. குரோம் உலாவியில், தேர்ந்தெடுத்த வரிக்கே நேராகக் கொண்டுபோகும் இணைப்பையும் எடுக்க முடியும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவு பயன்படுத்த இடம் தருகிறது; அந்த எழுத்தைத் தன்னுடையதாகக் காட்ட அது அனுமதி அல்ல. இலக்கிய நூல் ஒன்றின் பதிப்புரிமை, எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். அந்தக் காலம் கடந்த நூல்களும் சங்க இலக்கியமும் யாரும் நகலெடுக்கக் கூடியவை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் அவற்றில் பலவற்றைத் தட்டச்சு செய்து, யூனிகோடில் இலவசமாகத் தருகிறது. ஐபேடிலோ ஆண்ட்ராய்டிலோ திறந்து நகலெடுத்தால் எழுத்து உடையாமல் வரும். அந்தக் கோப்புகளின் தலைப்பில், தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர் பெயர்கள் கொண்ட பகுதி ஒன்று இருக்கும். கோப்பைப் பிறருக்குத் தருகிறவர் அதை நீக்காமல் தர வேண்டும் என்பதே அத்திட்டத்தின் நிபந்தனை. முழு நூலையும் நகலெடுத்து நண்பர்களுக்கு அனுப்பும்போது முன்பிடியை முதல் பாட்டில் நிறுத்தாமல், அந்தத் தலைப்புப் பகுதியின் முதல் வரிவரை இழுக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா