பிறர் படைத்த மாந்தரை எழுதுவது

அன்புள்ள தங்கைக்கு,

ஓர் ஆசிரியர் படைத்த கதைமாந்தரை இன்னொருவர் எடுத்து, மூலக்கதை சொல்லாமல் விட்ட இடங்களில் நடமாட விடுவதுதான் ரசிகர் புனைவு. இணையத்தோடு வந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழில் அது அதற்கு வெகு முன்பே வேர்விட்டது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது வாசகர்களுக்கு மனம் ஆறவில்லை. அவர்களுடைய கேள்விகளுக்கு முடிவுரையில் கல்கியே பதில் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். பின்னாளில் அமுதசுரபி ஆசிரியர் விக்கிரமன், கதையின் தொடர்ச்சியாக ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார்.

இவ்வகை எழுத்தின் உச்சம், அந்தப் பெயர் தமிழில் இல்லாத காலத்திலேயே வந்துவிட்டது. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ 1943இல் வெளியானது. தன்னைக் கல்லிலிருந்து மீட்ட இராமனை முழுமையாக நம்பிய அகலிகை, அவன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேட்கிறாள். மறுபடியும் கல்லாகிப் போகிறாள். இராமாயணத்தில் இல்லாத காட்சி அது. ஆனாலும் அகலிகை இப்படித்தான் ஆகியிருப்பாள் என்று படிப்பவர் மனம் ஒப்புகிறது. மூலத்தில் இல்லாததைச் சொல்லி, மூலத்து மாந்தருக்கு உண்மையாக இருப்பதே இந்தக் கலையின் முழு வித்தையும்.

பெங்களூருக்கும் இதில் பங்கு உண்டு. சுஜாதா என்ற ரங்கராஜன் இந்நகரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதியவர். 1968இல் ‘நைலான் கயிறு’ தொடரில் அறிமுகமானவர் வக்கீல் கணேஷ். அவருடைய ஜூனியர் வசந்த் பின்னால் வந்து சேர்ந்தான். 2008இல் சுஜாதா மறைந்த பிறகும் இந்த இருவரையும் விட மனமில்லாத வாசகர்கள் ஏராளம். கணேஷையும் வசந்தையும் எழுத முனைபவருக்கு வேலை மேசையில் மட்டும் நடப்பதில்லை. மெட்ரோவில் நின்றபடி, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்தபடி நாள் முழுக்க நடக்கிறது.

ஒரு பயிற்சியைப் பார்க்கலாம். பெங்களூர் காந்தி பஜாரில் ஒரு தர்ஷினி, அதாவது நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிக் கடை. சென்னை வக்கீல்கள் இருவரும் ஒரு வழக்கு விஷயமாக வந்து, நின்றுகொண்டே காபி குடிக்கிறார்கள். ஒரு காபியை இருவருக்குப் பிரித்துத் தரச் சொல்லி ‘பை டூ’ கேட்பது யார்? வசந்த்தான். கவுண்டர்காரரிடம் அரைகுறைக் கன்னடத்தில் பேசிப் பார்ப்பவனும் அவனே. பக்கத்து மேசைப் பெண்ணைக் கவனித்து ஏதாவது சொல்லியும் வைப்பான். கணேஷ் அதிகம் பேசமாட்டார். ஆனால் எதிரே நிற்பவரின் செருப்பில் ஈரச் செம்மண் ஒட்டியிருப்பதை அவர் பார்த்தாயிற்று. இருவரின் பேச்சும் நடத்தையும் இடம் மாறினால் கதை அங்கேயே விழுந்துவிடும். பெயரை மறைத்துவிட்டு உரையாடலைப் படித்தாலும் யார் பேசுகிறார் என்று தெரிய வேண்டும். இதைவிட நல்ல சோதனை இல்லை.

கதை வெளியான பிறகு வருவது வாசகர் மின்னஞ்சல். ‘அருமை’ என்ற ஒற்றை வரி உற்சாகம் தரும், அவ்வளவே. அடுத்த அத்தியாயம் எப்போது என்று கேட்பவருக்கு நன்றி சொன்னால் போதும். பொன்னாகப் பாதுகாக்க வேண்டியது மூன்றாவது வகை: ‘கணேஷ் இப்படிப் பேசமாட்டாரே’ என்று வருவது. படித்தவுடன் கோபம் வருவது இயல்பு. அன்றே பதில் போடாமல், மூலநூலை எடுத்துச் சரிபார்த்த பிறகு எழுதுவது நல்லது. வாசகர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அவரும் அந்த மாந்தரோடு பல ஆண்டு வாழ்ந்தவர். வாசகர் குரல் மூல ஆசிரியரையே வளைத்த வரலாறும் உண்டு. 1893இல் ஷெர்லாக் ஹோம்ஸைச் சாகடித்த கானன் டாயில், வாசகர்களின் ஆற்றாமைக்குப் பிறகு 1903இல் அவரை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்.

உரிமை விஷயத்திலும் தெளிவு வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை படைப்புரிமை வாரிசுகளிடம் இருக்கும். கல்கியின் எழுத்து இன்று எல்லாருக்கும் பொது. சுஜாதாவின் எழுத்து அப்படியல்ல. கைப்பழக்கத்துக்காக நோட்டில் எழுதிப் பார்ப்பது வேறு, நூலாக அச்சிட்டு விற்பது வேறு. இரண்டாவதற்கு அனுமதி கேட்டே ஆக வேண்டும். மூல ஆசிரியர் பெயரை முதல் பக்கத்திலேயே போடுவது சட்டத்தையும் தாண்டிய மரியாதை.

முதல் கதையைப் ‘பொன்னியின் செல்வன்’ நாயகன் வந்தியத்தேவனை வைத்தே எழுதிப் பார். அதற்கு முன் ஐந்து பாகங்களையும் இன்னொரு முறை முழுதாகப் படித்துவிடு.

அன்புடன்,
அண்ணன்