மெய்நிகர் உலகின் கதவும் பல பணிசெயல் முறைமைகளும்

செய்நிரல் ஒன்றை எழுதி முடித்ததும் "எனது கணினியில் ஓடுகிறது" என்று சொல்லி எழுந்துவிடுவது பலரது வழக்கம். தான் மட்டும் பயன்படுத்தும் செய்நிரலுக்கு அது போதும். பலருக்காக அமைக்கப்படும் மெய்நிகர் உலகத்துக்குப் போதாது. எனக்குத் திறக்கும் கதவு என் தோழிக்குத் திறக்காவிட்டால், அவள் ஸ்கிரிப்டைச் சந்தேகிக்க மாட்டாள். தான்தான் ஏதோ பிழையாகச் செய்கிறேன் என்று எண்ணி ஒதுங்கிவிடுவாள்.

இதை விளக்க லுவான்டி என்ற கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். பின்லாந்தைச் சேர்ந்த பெர்த்து அஹோலா 2010இல் மைன்டெஸ்ட் என்ற பெயரில் இதைத் தொடங்கினார். 2024இல் பெயர் மாறியது. கனசதுரக் கட்டிகளால் ஆன இவ்வுலகம் ஒவ்வோர் அச்சிலும் ஏறத்தாழ 62,000 கட்டிகள் நீளமானது. கதவு எப்போது திறக்க வேண்டும், விளக்கு எப்போது அணைய வேண்டும் என்பதையெல்லாம் லுவா மொழியில் ஸ்கிரிப்டாக எழுதலாம். விண்டோஸ், லினக்ஸ், மெக், ஆண்ட்ராய்ட் ஆகிய நான்கிலும் ஓடும். ஆனால் ஓடுவது வேறு, ஒரே மாதிரி ஓடுவது வேறு.

முதலில், ஸ்கிரிப்ட் எங்கே ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 2003இல் வெளிவந்த செக்கண்ட் லைஃப் உலகில் பொருள்களுக்கு எழுதப்படும் ஸ்கிரிப்டுகள் அந்நிறுவனத்தின் சேவையகங்களிலேயே ஓடுகின்றன. எனவே பயனரின் கணினி எதுவானாலும் கதவு ஒரே மாதிரித்தான் நடந்துகொள்ளும். லுவான்டியிலும் ஸ்கிரிப்ட் சேவையகத்தில்தான் ஓடும். ஆனால் இங்கே சேவையகம் யாருடைய கணினியாகவும் இருக்கலாம். ஒருத்தி வீட்டில் தனியாக விளையாடும்போது அவளது தொலைபேசியே சேவையகமாகிவிடுகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

விடை சொன்னால் திறக்கும் கதவு ஒன்றை நினைத்துப் பாருங்கள். பத்து விடைகள் ஓர் உரைக் கோப்பில் வரிக்கு ஒன்றாக உள்ளன. ஸ்கிரிப்ட் அவற்றை வாசித்து, விளையாடுபவர் தட்டச்சிட்ட சொல்லுடன் ஒப்பிடுகிறது. விண்டோஸில் எழுதினோம், கதவு திறந்தது. அதே கோப்புறையை அப்படியே ஆண்ட்ராய்ட் தொலைபேசிக்கு மாற்றினால் ஒன்பது விடைகளுக்குக் கதவு அசையாது. பத்தாவது விடைக்கு மட்டும் திறக்கும்!

காரணம் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து. பழைய தொலைத் தட்டச்சுப் பொறிகளில் புது வரிக்குப் போக இரண்டு வேலைகள் இருந்தன: அச்சுத் தலையை இடப்பக்கத் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது, தாளை ஒரு வரி மேலே நகர்த்துவது. விண்டோஸ் இன்றும் வரி முடிவில் அந்த இரண்டு குறிகளையும் எழுதுகிறது. லினக்ஸ், மெக், ஆண்ட்ராய்ட் மூன்றும் இரண்டாவது குறியை மட்டுமே வரி முடிவாகக் கொள்கின்றன. விண்டோஸில் கோப்பை உரையாகத் திறக்கும்போது முதற்குறி தானாகவே நீக்கப்படுகிறது. மற்றவற்றில் அது விடையின் வாலில் ஒட்டிக்கொண்டே வருகிறது. கடைசி வரிக்குப் பின் யாரும் என்டர் அழுத்தவில்லை, அதனால்தான் பத்தாவது விடை தப்பியது.

நமது பாடத்திட்டத்தில் படிக்கும் கரும்பெட்டிச் சோதனை "கதவு திறக்கவில்லை" என்பதோடு நின்றுவிடும். காரணத்தைப் பிடிக்கப் பெட்டியின் உள்ளே பார்க்க வேண்டும். வாசித்த விடையின் நீளத்தை அச்சிட்டால் போதும், ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு 6 என்று வரும். (தமிழ்ச் சொல்லில் இப்படிச் சோதித்தால் குழம்பிப்போவோம். லுவா பைட்டுகளைத்தான் எண்ணும், யூ.டி.எஃப்-8 முறையில் 'க' ஒன்றே 3 பைட்டுகள்.) தீர்வோ மிக எளிது. சொல்லின் இருபுற வெற்றிடங்களையும் வெட்டும் 'ட்ரிம்' என்ற செயலை லுவான்டியே தருகிறது.

கோப்புப் பெயர்களும் இப்படித்தான். பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரை ஸ்கிரிப்டில் சிறிய எழுத்தில் எழுதினாலும் விண்டோஸ் கண்டுபிடித்துத் தரும். லினக்ஸ் இரண்டையும் வேறு வேறு கோப்புகளாகவே பார்க்கும். பாதையில் விண்டோஸின் பின்சாய்கோட்டை இட்டால் லினக்ஸ் அதைப் பாதைக் குறியாக ஏற்காது. முன்சாய்கோடு எங்கும் செல்லும். ஆகவே பெயர்களைச் சிறிய எழுத்திலும் பாதைகளை முன்சாய்கோட்டிலும் எழுதுவதே பாதுகாப்பு.

நேரம் இன்னொரு பொறி. சேவையகம் வழமையாக 0.09 செக்கனுக்கு ஒரு முறை துடிக்கும். "50 துடிப்புகளின் பின் கதவை மூடு" என்று எழுதினால் நல்ல கணினியில் 4.5 செக்கனில் மூடும். திணறும் பழைய கணினியில் துடிப்பு நீண்டு, கதவு தாமதித்தே மூடும். ஒவ்வொரு துடிப்பிலும் கழிந்த நேரத்தை லுவான்டி ஸ்கிரிப்டுக்குத் தருகிறது. துடிப்புகளை எண்ணாமல் அந்த நேரத்தைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

லுவா நமக்குப் பாடமல்ல என்று தோழியர் சொல்லக்கூடும். உயர்தரத்தில் நாம் எழுதும் பைதனிலும் இதே குழி உண்டு. தமிழ் உரைக் கோப்பொன்றைக் குறிமுறை குறிப்பிடாமல் திறந்தால் லினக்ஸில் பெரும்பாலும் ஒழுங்காக வரும். விண்டோஸில் பைதன் பல பதிப்புகளாகக் கணினியின் பிரதேச அமைப்பையே பார்த்து வந்திருப்பதால், நம் எழுத்துகள் உருக்குலைந்து வரலாம், பிழைச் செய்தியும் வரலாம். யூ.டி.எஃப்-8 என்று ஒரு சொல் சேர்த்தால் முடிந்தது.

இனி, எத்தனை சோதனைகள் தேவை? சேவையகம் நான்கு வகை, நுழைபவரின் கருவி நான்கு வகை, பெருக்கினால் 16 சேர்க்கைகள். பாடசாலை மாணவியருக்கு இது மலைப்பாகத் தெரியும். ஆனால் ஸ்கிரிப்ட் சேவையகத்தில் மட்டுமே ஓடுவதால் அதை நான்கு சேவையகங்களில் ஒவ்வொரு முறை சோதிக்கலாம். திரையும் தொடுகையும் நுழைபவரின் கருவியைச் சார்ந்தவை, அவற்றுக்கு இன்னும் நான்கு. ஆக எட்டில் பெரும்பகுதி அடங்கிவிடும். இந்த இரண்டாவது நான்கை விட்டுவிடுவோர் அதிகம். "வலது பொத்தானை அழுத்துக" என்று கதவருகே எழுதிவைத்தால், மவுஸ் இல்லாத தொலைபேசிக்காரி என்ன செய்வாள்?

லினக்ஸ் கணினி இல்லையே என்பதும் தடையல்ல. உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டில் எதையும் நிறுவாமலே கணினியைத் தொடக்கலாம். சற்று வலுவான கணினி இருந்தால் வேர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஓட்டலாம். ஆண்ட்ராய்டுக்கு வகுப்பிலுள்ள தொலைபேசிகளே போதும், அவற்றில் மிகப் பழையதை முதலில் கேட்டு வாங்குங்கள். மெக் மட்டும்தான் நம்மிடையே அரிது. வரி முடிவு விடயத்தில் அது லினக்ஸைப் போன்றது என்றாலும், சோதிக்காததைச் சோதித்ததாக எழுதக் கூடாது. குறிப்பேட்டில் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட வேண்டும்.

குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியிலும் பணிசெயல் முறைமையும் அதன் பதிப்பும், லுவான்டியின் பதிப்பு, செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது ஆகியவை இருக்கட்டும். லுவான்டி 'டீபக்' என்ற உரைக் கோப்பில் பிழைகளைத் தானே எழுதிவைக்கும், அதிலுள்ள வரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "வேலை செய்யவில்லை" என்று ஒருத்தி வந்தால், "நீ என்ன தட்டினாய்?" என்று கேட்குமுன் "எதில் ஓட்டினாய்?" என்று கேளுங்கள்.